கீரைப் பாத்தியும் புல்தரையும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் பங்குப் பேரவைக் கூட்டத்தில் ஒரு வேண்டுகோள் வைக்கப்பட்டது. ஆலயத்தின் பொன்விழா நெருங்குகிறது. பங்குத் தந்தை இல்லத்தின் பின்புறம் ஒழுங்கின்றிக் கிடக்கும் கொல்லையைத் திருத்தி, அங்கே லூர்து அன்னைக்கு ஒரு கெபி எழுப்பி, சுற்றிலும் கொரியன் புல் வாங்கிப் பதித்து, அழகியதொரு புல்தரை அமைக்கலாம் என்பதே அவ்வேண்டுகோள். இன்று அக்கொல்லையில் இருப்பவை இரண்டு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு பப்பாளி, கழிவுநீர் பாயும் ஓரத்தில் நான்கைந்து வாழை. இவற்றினூடே யாரும் விதைக்காமலே முளைக்கும் தும்பையும் கீழாநெல்லியும் குப்பைமேனியும். கேட்டவர்கள் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்கள். அடுத்த கூட்டத்தில் பதில் கூறுவதாகச் சொல்லி அனுப்பினேன்.

உடனே இசைவு தராததற்குக் காரணம் உண்டு. இதே போன்ற முடிவை முன்பு வேறொரு பங்கில் நான் எடுத்திருக்கிறேன். அதை இறுதியில் சொல்கிறேன். அதற்கு முன் வீட்டுத் தோட்டமும் புல்தரையும் கடந்து வந்த வரலாற்றை வாசகர்களோடு சேர்ந்து சிறிது புரட்டிப் பார்க்க விழைகிறேன். அது நம் திருச்சபையின் வரலாற்றோடும் பின்னிக் கிடப்பது.

துறவு மடத்துப் பாத்திகள்

விவிலியம் காட்டும் முதல் தோட்டக்காரர் இறைவனே. ஏதேனில் தோட்டத்தை நட்டவர் அவர். மனிதனை அதில் குடிவைத்தபோது அவனிடம் இரு பணிகளை ஒப்படைத்தார் என்கிறது தொடக்கநூல் (2:15). மண்ணைப் பண்படுத்துவது ஒன்று. அதைக் காப்பது மற்றொன்று. இவ்விரண்டில் ஒன்றை விடுத்து மற்றொன்றைச் செய்யும்போதெல்லாம் தோட்டம் தன் பொருளை இழக்கிறது. உயிர்த்த ஆண்டவரைக் கல்லறையருகே கண்ட மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்றே எண்ணினார் என்று யோவான் எழுதுகிறார் (20:15). அந்தத் தவற்றிலும் ஓர் உண்மை இருந்தது என்று சிந்திப்பவர்கள் உண்டு.

ஐரோப்பாவில் இந்த இரட்டைப் பணியை ஒழுங்குபடுத்தித் தந்தவர்களில் முதன்மையானவர் ஆறாம் நூற்றாண்டின் புனித ஆசீர்வாதப்பர். துறவு மடத்துக்குத் தேவையான நீரும், மாவரைக்கும் ஆலையும், தோட்டமும் கூடுமானவரை மதிலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அவர்தம் ஒழுங்குநூலின் 66ஆம் அதிகாரம் விதிக்கிறது. மடத்தின் கருவிகளைத் திருப்பலிப் பாத்திரங்களைப் போல் மதித்துக் கையாள வேண்டும் என்கிறது 31ஆம் அதிகாரம். மண்வெட்டிக்கும் திருக்கிண்ணத்துக்கும் ஒரே மரியாதை! உழைப்பை அடிமைகளின் வேலை என்று எண்ணிய உலகில் இது சிறிய புரட்சியன்று.

அத்தகைய தோட்டம் எப்படி இருந்திருக்கும்? சுவிட்சர்லாந்து நாட்டின் புனித கால் மடத்து நூலகத்தில், ஐந்து தோல்களைத் தைத்து இணைத்து வரையப்பட்ட ஒரு வரைபடம் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ரைஹனாவ் தீவின் துறவிகள் புனித கால் மடத்துத் தலைவர் கோஸ்பெர்ட் என்பவருக்கு வரைந்து அனுப்பியது அது. ஒரு முழுமையான மடம் எப்படி அமைய வேண்டும் என்பதை அது காட்டுகிறது. அதில் மூன்று தோட்டங்கள் உள்ளன. காய்கறித் தோட்டத்தில் 18 பாத்திகள். ஒவ்வொன்றிலும் நடவேண்டிய செடியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. வெங்காயம், பூண்டு, முள்ளங்கி, முட்டைக்கோசு வகை என்று நீளும் அப்பட்டியலில் நம் கொத்தமல்லியும் இருக்கிறது. நோயாளர் இல்லத்தை அடுத்து, மருத்துவர் வீட்டின் அருகில், 16 பாத்திகள் கொண்ட மூலிகைத் தோட்டம். அங்கே ரோசாவோடும் லீலியோடும் சீரகமும் வெந்தயமும் வளர்கின்றன. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஆல்ப்ஸ் மலைச் சாரலில் மருந்தாக எண்ணப்பட்டவை நம் அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கின்றன.

மூன்றாவது தோட்டம்தான் என்னை மிகவும் நெகிழ வைப்பது. அது பழத்தோட்டம், அதுவே கல்லறைத் தோட்டமும் கூட. நடுவில் திருச்சிலுவை. சுற்றிலும் ஆப்பிள், பேரி, அத்தி, முசுக்கட்டை முதலிய மரங்கள். அவற்றின் இடையே இறந்த துறவியரின் கல்லறைகள். மண்ணுக்குள் சென்றவர்களும் மண்ணிலிருந்து கனி கொடுப்பவையும் ஒரே வேலிக்குள் உயிர்ப்பை எதிர்நோக்குகின்றன.

இந்த வரைபடம் உருவான ரைஹனாவ் மடத்தின் தலைவராக விளங்கி 849ஆம் ஆண்டில் மறைந்த வாலாஃபிரிட் ஸ்ட்ராபோ, தம் சிறு தோட்டத்தைப் பற்றி இலத்தீனில் ஒரு கவிதை நூலே எழுதினார். தம் வாசல் முன்பிருந்த சிறு நிலத்தை முட்செந்தட்டி மூடிக் கிடந்ததையும், தாமே அதைக் கொத்தி வேர் களைந்ததையும், சாணமிட்டு நீர் சுமந்து ஊற்றியதையும் அவர் விவரிக்கிறார். அவர் அரசவையில் இளவரசருக்கு ஆசிரியராக இருந்தவர். எனினும் கையில் மண் ஒட்டியதை மறைக்க வேண்டிய செய்தியாக அவர் கருதவில்லை.

ஒரு புனிதர் கற்பித்த புல்தரை

அப்படியானால் புல்தரை என்பதே செல்வர்களின் வீண் ஆடம்பரம்தானா? அவ்வாறு தீர்ப்பிட்டுவிட வரலாறு இடம் தரவில்லை. ஏனெனில் புல்தரை அமைக்கும் முறையை எழுதி வைத்தவர்களுள் ஒருவர் ஒரு புனிதர், திருச்சபையின் மறைவல்லுநர்.

தோமினிக்கன் துறவியும், ரேகன்ஸ்பர்க் ஆயரும், புனித தாமஸ் அக்குவினாசின் ஆசிரியருமான புனித பெரிய ஆல்பர்ட், ஏறத்தாழ 1260இல் செடிகொடிகளைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அதில் பயனுக்கன்றி மகிழ்ச்சிக்கென அமைக்கும் தோட்டத்தையும் குறிப்பிடுகிறார். முதலில் நிலத்திலுள்ள வேர்களையெல்லாம் களைய வேண்டும். எஞ்சிய விதைகள் முளைக்காதபடி கொதிநீரை ஊற்ற வேண்டும். பின்னர் மெல்லிய புல்லை மண்கட்டியோடு பெயர்த்து வந்து பரப்பி, மரக்கட்டையால் அடித்து, காலால் மிதித்து மண்ணோடு ஒன்றச் செய்ய வேண்டும். சிறிது காலத்தில் புல் மயிரிழைபோல் கிளம்பிப் பச்சைத் துணி விரித்தாற்போல் நிலத்தை மூடும் என்பது அவர் கூற்றின் சாரம். குறுகிய மெல்லிய புல்லைப்போல் கண்ணுக்குக் குளிர்ச்சி தருவது வேறில்லை என்றும் அவர் கருதினார். கண்ணுக்கும் மனத்துக்கும் இளைப்பாறுதல் தருவது பாவமன்று. ஓய்வும் இறைவனின் கட்டளையே. ஆனால் ஆல்பர்ட் கூறிய புல்தரை ஒரு சிறு இடம். சுற்றிலும் மணமிக்க மூலிகைகள் வளர, அமர்ந்து இளைப்பாறும் பரப்பு. அது எவருடைய கீரைப் பாத்தியையும் விழுங்கவில்லை.

ஊரை விழுங்கிய புல்வெளி

விழுங்கிய கதை இங்கிலாந்தில் நடந்தது. தென்மேற்கே டார்செட் மாவட்டத்தில் மில்ட்டன் என்றோர் ஆசீர்வாதப்பர் சபை மடம் இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் அத்தெல்ஸ்தான் மன்னர் நிறுவிய அறநிலையம் அது. 964இல் ஆசீர்வாதப்பர் துறவியரின் மடமாயிற்று. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே செபமும் உழைப்பும் நிகழ்ந்தன. மடத்தை ஒட்டி ஒரு சிற்றூர் வளர்ந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் மடங்களைக் கலைத்தபோது, 1539இல் மில்ட்டன் மடமும் மூடப்பட்டது. துறவிகள் போயினர், ஊர் மட்டும் நின்றது. அதற்கெனப் பள்ளியும் முதியோர் இல்லமும் சத்திரங்களும் கடைகளும் இருந்தன.

1752இல் அந்நிலத்தை ஜோசப் டேமர் என்ற செல்வர் வாங்கினார். பின்னர் அவர் மில்ட்டன் பிரபு ஆனார். அக்காலத்தில் இங்கிலாந்துப் பிரபுக்களிடையே ஒரு புதிய நாகரிகம் பரவியிருந்தது. மாளிகையின் சுவர்வரை புல்வெளி வந்து முட்ட வேண்டும். சன்னலில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பசுமை மட்டுமே தெரிய வேண்டும். காய்கறித் தோட்டமும் அதில் உழைப்பவர்களும் பார்வையில் படக்கூடாது. இவ்வாறு நிலத்தைத் திருத்தியமைப்பதில் புகழ்பெற்ற லான்சலாட் பிரவுன் என்பவரையே மில்ட்டன் பிரபு அமர்த்தினார். ஆனால் மாளிகையின் எதிரே ஓர் ஊர் இருந்தது. மக்கள் நடமாட்டமும் சந்தடியும் பிரபுவுக்குப் பிடிக்கவில்லை. எனவே ஊரையே அகற்ற முடிவெடுத்தார். குத்தகைக் காலம் முடிய முடிய வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அந்த ஊர் தரைமட்டமாயிற்று. அரை மைல் அப்பால், மாளிகையிலிருந்து தெரியாத ஒரு பள்ளத்தாக்கில், ஒரே அச்சில் வார்த்தாற்போல் வெள்ளையடித்த கூரை வீடுகளை இருபுறமும் வரிசையாகக் கட்டி மக்களைக் குடியமர்த்தினார். அதுவே இன்றைய மில்ட்டன் ஆபஸ் கிராமம். காண்பதற்கு மிக அழகானது. ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளைவிடக் கட்டப்பட்டவை குறைவு. இடம் கிடைக்காதவர்கள் வேறெங்கோ போனார்கள்.

ஊரில் ஒரு வழக்கறிஞர் மட்டும் தம் வீட்டை விட்டுத்தர மறுத்தார் என்றும், பிரபு குளத்து நீரைத் திறந்துவிட்டு அவர் வீட்டை மூழ்கடிக்க முயன்றார் என்றும், வழக்கில் வழக்கறிஞரே வென்றார் என்றும் கூறுவர். இதைப் படிக்கும்போது நமக்கு நாபோத்தின் நினைவு வராமல் இருக்குமா? (1 அரசர் 21). ஆகாபு மன்னன் அத்திராட்சைத் தோட்டத்தைக் கேட்டது அதைத் தன் அரண்மனைக் காய்கறித் தோட்டமாக்க. மில்ட்டன் பிரபு ஊரைக் கேட்டது அதைப் புல்வெளியாக்க. ஆகாபாவது உண்ணக்கூடிய ஒன்றை நட எண்ணினான்!

இந்த இடத்தில் நின்று சிறிது சிந்திக்கத் தோன்றுகிறது. துறவிகளின் பாத்திகள் இருந்த அதே மண்ணில், இருநூற்றைம்பது ஆண்டுகளுக்குள் எதுவும் விளையாத பசும்பரப்பு வந்து அமர்ந்தது. ‘இந்நிலம் எனக்குச் சோறிட வேண்டியதில்லை, அவ்வளவு செல்வன் நான்’ என்று ஊரறியச் சொல்லும் அறிவிப்பாகப் புல்வெளி மாறிவிட்டது. ஆல்பர்ட்டின் புல்தரை அமர்வதற்கானது. இது பார்ப்பதற்கும், பிறர் பார்த்து வியப்பதற்கும் உரியது.

எந்திரமும் மருந்தும்

பெரும்புல்வெளியைப் பேண எண்ணற்ற கைகள் தேவைப்பட்டன. விடியற்காலையில், பனி ஈரம் காயுமுன், நீண்ட பிடியுள்ள அரிவாளால் வரிசையாக நின்று புல் அரிவார்கள். எனவே எளியவர்களுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. இந்நிலையை மாற்றியவர் ஓர் எந்திரத் தொழிலாளர். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதி கம்பளி நெசவுக்குப் பெயர் பெற்றது. அங்கே, கம்பளித் துணியின் மேல் எழும் பிசிறுகளைச் சீராகக் கத்தரிக்கும் எந்திரத்தைக் கண்ட எட்வின் பட்டிங் என்பவர், அதே முறையில் புல்லையும் கத்தரிக்கலாமே என்று எண்ணினார். 1830இல் தம் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். புல்தரையைப் பச்சைத் துணிக்கு ஒப்பிட்ட ஆல்பர்ட் இதைக் கண்டிருந்தால் புன்னகைத்திருப்பார்.

அதன்பின் புல்தரை நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கும் வந்தது. குறிப்பாக அமெரிக்காவில் அது வீட்டுக்கு வீடு பரவியது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1947இல் நியூயார்க் நகருக்கு அருகே லெவிட்டவுன் என்ற குடியிருப்பு எழத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அங்கே பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு வீட்டின் முன்னும் ஒரு புல்தரை. அதைத் தவறாமல் வெட்டிப் பேண வேண்டும் என்பது குடியிருப்பின் விதி. அவ்வீடுகளில் கறுப்பின மக்கள் குடியேறலாகாது என்பதும் தொடக்க கால ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. மில்ட்டன் பிரபுவின் புல்வெளி சிறு துண்டுகளாக எல்லாருக்கும் பங்கிடப்பட்டது. ஆனால் ‘எல்லாரும்’ யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் அதோடு சேர்ந்தே வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய புல்தரைகளில் குளோவர் என்னும் மூவிலைச் செடியைப் புல் விதையோடு கலந்தே விதைப்பார்கள். அயர்லாந்தில் புனித பாட்ரிக் மூவொரு இறைவனின் மறைபொருளை விளக்கக் கையிலெடுத்ததாக மரபு கூறுவதும் இவ்வினத்தைச் சேர்ந்த செடியே. குளோவர் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணுக்கு உரமாக்கித் தருகின்றன. போருக்குப் பின் வந்த களைக்கொல்லி மருந்து, அகன்ற இலையுள்ள செடிகளை அழித்துப் புல்லை மட்டும் விட்டுவைத்தது. அகன்ற இலையுள்ளதால் குளோவரும் அழிந்தது. அதுவரை உரம் தந்துவந்த செடி, அன்றுமுதல் களை என்று பெயர் பெற்றது. அது போனபின் அது தந்த உரத்தைப் பணம் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

நம் வயல்களில் உழவர் வெறுத்துக் களையும் அருகம்புல்லோ, வெப்பமான தென் அமெரிக்க மாநிலங்களில் பெர்முடா புல் என்ற பெயரில் வீட்டுக்கு வீடு பேணி வளர்க்கப்படுகிறது. ஓரிடத்துக் களை மற்றோரிடத்துச் செல்வம். களையையும் கோதுமையையும் அறுவடைவரை ஒன்றாக வளரவிடச் சொன்ன ஆண்டவரின் உவமை (மத் 13) மனிதரின் தீர்ப்பிடும் அவசரத்தைப் பற்றியதே எனினும், தோட்டக்காரருக்கும் அதில் பாடம் உண்டு.

இந்தப் பசுமையின் பரப்பு எவ்வளவு? நாசா நிறுவன ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட கணிப்பின்படி, அமெரிக்காவில் வீடுகள், பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் யாவற்றிலுமாகப் புல்தரையின் பரப்பு ஏறத்தாழ 1,60,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு முழுவதன் பரப்பே ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். புல் நுனியில் அன்றி அடியில் வளர்வது. ஆகவே எத்தனை முறை வெட்டினாலும் சாகாது. ஆனால் ஒட்ட வெட்ட வெட்ட அதன் வேர் ஆழம் செல்லாமல் மேலாகவே நின்றுவிடுகிறது. மேலோட்டமான வேருக்கு அடிக்கடி நீர் வேண்டும். கோடையில் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் நம் தெருக்களில் இது சிறிய செய்தியன்று.

விட்டுவைத்த மூலை

அசிசி நகர் பிரான்சிசைப் பற்றி அவர் வரலாற்றை எழுதிய செலானோ தாமஸ் ஒரு செய்தி தருகிறார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடலிலும் (எண் 12) அதை நினைவுகூர்ந்தார். மடத்துத் தோட்டத்தில் ஒரு பகுதியை எதுவும் பயிரிடாமல் எப்போதும் விட்டுவைக்க வேண்டும் என்று பிரான்சிஸ் கேட்டுக்கொண்டாராம். அங்கே காட்டுப் பூக்களும் புல் பூண்டும் தாமே வளர வேண்டும். அவற்றைக் காண்பவர்கள் அவற்றைப் படைத்தவரை நோக்கி மனத்தை உயர்த்த வேண்டும் என்பது அவர் விருப்பம்.

ஆசீர்வாதப்பரின் பிள்ளைகள் நமக்குப் பண்படுத்தக் கற்பித்தார்கள். ஆல்பர்ட் இளைப்பாறக் கற்பித்தார். பிரான்சிஸ் விட்டுவைக்கக் கற்பித்தார். காத்தல் என்ற கடமைக்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது.

இனி, தொடக்கத்தில் நான் ஒத்திவைத்த செய்தி. ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அப்போது நான் பணியாற்றிய பங்கிலும் இல்லத்தின் பின்னால் ஒரு கொல்லை இருந்தது. ஆயர் வருகையை முன்னிட்டு அதைச் சீர்ப்படுத்த எண்ணி, முருங்கை மரத்தை வெட்டச் சொன்னேன். கம்பளிப்பூச்சி வருகிறது என்று காரணமும் கூறினேன். புல் பதித்தோம். ஆயரும் பாராட்டினார். அடுத்த வாரம் ஒரு மாலையில் கைம்பெண்ணான ஒரு மூதாட்டி தொரட்டியோடு கொல்லைப்புறம் வந்து நின்றார். வாரத்தில் இரண்டு நாள் அம்மரத்துக் கீரைதான் அவர் வீட்டுக் குழம்பு என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு முன்னிருந்த பங்குத் தந்தையர் அவருக்கு அந்த உரிமையைத் தந்திருந்தார்கள். ஏட்டில் அல்ல, பழக்கத்தில். அவர் புல்லைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். “மரம் போயிருச்சுங்களா சாமி? சரிங்க சாமி” என்று சொல்லித் திரும்பினார். குறை ஏதும் கூறவில்லை. அடுத்த ஞாயிறும் வழக்கம்போல் முதல் பூசைக்கு வந்து, என் கையிலிருந்து நற்கருணை வாங்கினார்.

மில்ட்டன் பிரபுவின் கதையைப் படித்தபோது நான் அவர்மேல் கோபம் கொள்ளவில்லை. அவர் செய்ததைச் சிறிய அளவில் நானும் செய்திருந்தேன். பார்வைக்கு அழகு வேண்டும் என்ற ஆசையில், பார்வையில் படாதவர் ஒருவரின் உணவை எடுத்துவிட்டேன். எலியா எவரும் வந்து என்னைக் கண்டிக்கவில்லை. தொரட்டியோடு வந்த அம்மூதாட்டியே எனக்கு எலியா.

ஆகவே இம்முறை பேரவையில் நான் சொன்ன பதில் இதுதான். கெபி எழட்டும். அன்னையின் முன் அமர்ந்து செபமாலை சொல்ல ஒரு சிறு புல்தரையும் இருக்கட்டும். அதற்குக் கொரியன் புல் வேண்டாம். நம் மண்ணின் அருகே போதும். முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் இருந்த இடத்தில் இருக்கட்டும். கொல்லைக் கதவுக்குப் பூட்டு வேண்டாம். வடகிழக்கு மூலையில் தும்பை பூத்திருக்கும் இடத்தை யாரும் கொத்த வேண்டாம். சிலருக்கு இது நிறைவளிக்கவில்லை என்பதை அறிவேன். விழாப் படத்தில் அந்த மூலை அழகாக இராது என்று ஓர் இளைஞர் கூறினார். அவர் கூறியது உண்மைதான்.

புதிய வீடுகளை ஆசீர்வதிக்கச் செல்லும்போது இப்போதெல்லாம் அடுப்படியையும் படுக்கையறையையும் தெளித்த பின், “கொல்லை எங்கே?” என்று கேட்கிறேன். பெரும்பாலும் சிமெண்டுத் தளத்தைக் காட்டுகிறார்கள். சில வீடுகளில் மட்டும், ஒரு பழைய வாளியிலாவது ஒரு கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது. அதன்மேலும் சிறிது தீர்த்தம் தெளித்துவிட்டு வருகிறேன்.